சிடி டிரைவ் இல்லாத பழைய லேப்டாப்பில் ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் மாதிரி இயங்குதளம்) ஏற்றிய கதைகள் (உங்களுடையதையும் எழுதுங்கள்)

திருச்சிக்காரன்

அப்பா அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் திடீரென்று, குலதெய்வக் கோயில் கதையை எழுதி வைக்கப் போகிறேன், டைப் அடிக்க ஏதாவது கொடு என்றார். புதிது வாங்கித் தருகிறேன் என்றால் கேட்க மாட்டார். பரணில் என் கல்லூரிக் காலத்து நெட்புக் கிடந்தது. 2009 இல் வாங்கியது, பத்து இன்ச் திரை, ஆட்டம் என்270 சிப், 1 ஜிபி ராம். சிடி டிரைவ் எல்லாம் அதற்குப் பிறவியிலேயே கிடையாது. ஆன் பண்ணினால் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கைவிட்ட எக்ஸ்பி. பிரவுசரைத் திறந்தால் பாதித் தளங்கள் திறக்கவே இல்லை. சரி, லினக்ஸ் போட்டுவிடலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன். நான்கு நாள் ஆனது.

முதல் நாள் பென்டிரைவே தெரியவில்லை. பயாஸில், அதாவது ஆன் பண்ணியதும் முதலில் ஓடும் அமைப்பில், எதிலிருந்து தொடங்குவது என்ற பூட் வரிசையைப் பார்த்தால் யூஎஸ்பி என்று ஒரு வரி இருக்கிறது, அதை மேலே ஏற்றியும் எக்ஸ்பிக்கே போகிறது. இந்தப் பழைய பயாஸ் பென்டிரைவையும் ஒரு ஹார்ட் டிஸ்க் என்றுதான் எடுத்துக்கொள்கிறது, அதனால் 'ஹார்ட் டிஸ்க்' என்ற உள்பட்டியலுக்குள் போய் அங்கே பென்டிரைவை முதலில் வைக்க வேண்டும், அப்புறம் வெளியே வந்து மறுபடி பூட் வரிசையைப் பார்க்க வேண்டும். பென்டிரைவைச் சொருகி வைத்துக்கொண்டு பயாஸுக்குள் போனால்தான் அந்தப் பட்டியலில் அது தெரியும் என்பது இன்னொரு கூத்து.

ஒருவழியாகப் பூட் ஆனது, ஆன உடனே இந்த கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) 64 பிட் சிப் வேண்டும், உன்னிடம் இருப்பது ஐ686 (32 பிட்) தான் என்று இரண்டு வரி போட்டு நின்றுவிட்டது. தப்பு என்னுடையது. என்270 வெறும் 32 பிட், அது எனக்குத் தெரியும், ஆனால் டவுன்லோட் பட்டனை அழுத்தும்போது யார் யோசிக்கிறார்கள்? அப்புறம் தேடினால் லினக்ஸ் வகைகளில் உபுண்டு 17.10 லேயே 32 பிட் டெஸ்க்டாப் இமேஜை (இன்ஸ்டால் ஃபைலை) நிறுத்திவிட்டார்கள். சுபுண்டு, லுபுண்டு இரண்டும் 18.10 உடன் சரி. டெபியன் 13 லும் 32 பிட் இன்ஸ்டாலர் இல்லை. கடைசியில் 2023 இல் வந்த டெபியன் 12 இன் ஐ386 (32 பிட்) இமேஜை எடுத்து எழுதினேன். பழைய மெஷின்களுக்கான ஆன்டிஎக்ஸ் லினக்ஸ் பக்கமும் போய்ப் பார்த்தேன், நல்ல வேகம். ஆனால் அப்பாவுக்கு அந்தத் திரையை விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

வைஃபை வேலை செய்யவில்லை, சிப்புக்கான ஃபர்ம்வேரை (அதை இயக்கும் சின்ன நிரல்) நெட்டிலிருந்து இறக்கச் சொல்கிறது, நெட் வருவதற்கே அந்த ஃபர்ம்வேர்தான் வேண்டும். போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் (போனின் நெட்டைப் பகிர்வது) ஆன் பண்ணியதும் அதை லேன் கார்டு மாதிரி எடுத்துக்கொண்டது. இன்ஸ்டால் ஆன நேரம் ஒரு மணிக்கும் குறைவு, மிச்சம் எல்லாம் வாசலில் நின்ற நேரம்.

இதே மாதிரி வாசலில் நின்றவர்கள் எழுதுங்கள். அப்பா கதையின் மீதியைக் கடைசியில் சொல்கிறேன்.

பனியன்_ஊர்

திருப்பூர். எம்பிராய்டரி யூனிட். எங்களுடைய டிசைன் சாஃப்ட்வேர் டாங்கிளோடு (கணினியில் சொருகும் உரிமச் சாவி) வந்தது, விண்டோஸ் 7 ஐத் தாண்டி எதிலும் ஓடாது, புது வெர்ஷன் விலையைக் கேட்டால் இன்னொரு மெஷினே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. அதனால் நெட் பக்கமே போகாத ஒரு 2012 லேப்டாப்பில் 7 ஐ ஓட்டிக்கொண்டு வருகிறோம். அதன் டிவிடி டிரைவ் எப்போதோ போய்விட்டது. அந்த இடத்தில் கேடி (டிஸ்க் மாட்டும் சட்டம்) வைத்து இரண்டாவது ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறோம்.

போன தீபாவளி சமயம் மெயின் டிஸ்க் போனது. ஆர்டர் தலைக்கு மேல். புது எஸ்எஸ்டி போட்டு, ரூஃபஸ் என்ற மென்பொருளில் 7 இன் பென்டிரைவ் தயார் பண்ணி, பூட் ஆகி, 'இன்ஸ்டால் நவ்' அழுத்தினால், தேவையான சிடி/டிவிடி டிரைவின் டிரைவர் காணவில்லை, சிடியோ பென்டிரைவோ இருந்தால் போடு என்கிறது. டிரைவே இல்லாத மெஷினிடம் போய் டிரைவுக்கு டிரைவர் கேட்கிறது! நானும் உண்மையென்று நம்பி அந்தக் கேடியைக் கழற்றி, பக்கத்து யூனிட்டில் ஒரு பழைய டிவிடி டிரைவைக் கடன் வாங்கி மாட்டி, அது சிடியைச் சுற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்து, திரும்பக் கேடியை மாட்டி, பென்டிரைவை மூன்று முறை மறுபடி எழுதி, இரண்டு நாள் போனது.

விஷயம் என்னவென்றால் நான் பென்டிரைவைச் சொருகியது நீல நிற போர்ட்டில். அது யூஎஸ்பி 3. விண்டோஸ் 7 வந்தது 2009 இல், அதற்குள் யூஎஸ்பி 3 க்கான டிரைவர் கிடையாது. பயாஸ் தயவில் பூட் ஆகிவிடும், ஆனால் விண்டோஸ் கைக்கு வந்த நிமிடத்தில் தான் ஏறி வந்த பென்டிரைவையே அதற்குத் தெரியாது. அந்த மெசேஜை கேன்சல் பண்ணி, முதல் திரைக்குத் திரும்பி, பென்டிரைவைப் பிடுங்கி அந்தப் பக்கம் இருந்த கருப்பு போர்ட்டில் குத்தி, மறுபடி 'இன்ஸ்டால் நவ்'. போய்விட்டது. இருபது நிமிடம். கடைப் பையன் ஒருவன், அண்ணா போர்ட்டை மாத்திக் குத்துங்க என்று முதல் நாளே சொன்னான். உனக்கு என்னடா தெரியும் என்று விரட்டிவிட்டேன், அதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

வடமராட்சி

நான் சொல்லப்போவது கொஞ்சம் பழசு. 2011 இல் எனக்கு ஒரு மடிக்கணினி கைமாறி வந்தது, பென்டியம் எம், 512 எம்பி ராம், சிடி டிரைவ் வாசிக்காது, பயாஸில் யூஎஸ்பியில் இருந்து பூட் செய்கிற வசதியே இல்லை. பிளாப் என்று ஒரு சின்ன பூட் மேனேஜர் இருக்கிறது, அதை ஹார்ட் டிஸ்கில் இறக்கிவிட்டால் பயாஸுக்குத் தெரியாத பென்டிரைவைக்கூட அது பூட் செய்யும். அதைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அண்ணாவிடம் பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்.

நான் செய்தது என்னவென்றால், மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, 44 பின் ஐடிஇயை (பழைய டிஸ்க் இணைப்பு) 40 பின்னாக மாற்றுகிற ஒரு அடாப்டரைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து, அண்ணாவின் டெஸ்க்டாப்பில் மாட்டினேன். அடாப்டரைத் திருப்பி மாட்டினால் டிஸ்க் எரிந்துபோகும் என்று பயமுறுத்தியிருந்தார்கள், ஒன்றாம் பின் எது என்று டார்ச் அடித்துப் பார்த்துப் பார்த்து மாட்டினேன். டெஸ்க்டாப்பின் சிடி டிரைவில் லுபுண்டு சிடியைப் போட்டு, மடிக்கணினியின் டிஸ்கைத் தேர்ந்து, இன்ஸ்டால் செய்தேன். எல்லாம் அச்சொட்டாக முடிந்தது. டிஸ்கைக் கழற்றி மடிக்கணினிக்குள் வைத்துப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுங்குகிறது. சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் அண்ணா தன்னுடைய கணினியைப் போட்டார். கிரப் ரெஸ்க்யூ என்று மட்டும் எழுதி நின்றது. நான் இன்ஸ்டாலரில் எல்லாவற்றையும் பார்த்தேன், பூட்லோடரை, அதாவது ஓஎஸ்ஸை எழுப்பிவிடும் கிரப்பை, எந்த டிஸ்கில் எழுதுவது என்று கீழே ஒரு சின்னப் பெட்டியில் கேட்டதை மட்டும் பார்க்கவில்லை, அது தன்பாட்டுக்கு முதல் டிஸ்கில், அதாவது அண்ணாவின் டிஸ்கில், எழுதிவிட்டது. அதன் மிச்சப் பாதி மடிக்கணினிக்குள் இருக்கிறது. இரண்டு கணினியிலும் பாதிப் பாதி, இரண்டுமே எழும்பாது. அண்ணா அன்றைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்தது, அதைப் பற்றி இங்கே எழுதினால் அவர் மறுபடி கோபிப்பார்.

அவருடைய எக்ஸ்பி சிடியைப் போட்டு ரிகவரி கன்சோலுக்குப் போய் பூட் பதிவைத் திரும்ப எழுதும் ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளை கொடுத்து அவரது கணினியை மீட்டேன். அதற்குப் பிறகு மடிக்கணினி டிஸ்கை மாட்டும்போது அண்ணாவின் டிஸ்கின் கேபிளையே கழற்றிவிட்டுத்தான் இன்ஸ்டால் செய்தேன். இப்போதும் யாருக்கு எதைப் போட்டுக் கொடுத்தாலும் மற்ற டிஸ்கைக் கழற்றாமல் தொடங்குவதில்லை.

லினக்ஸ் என்பதால்தான் இது சரிவந்தது என்றும் சொல்ல வேண்டும், அது ஒவ்வொரு முறையும் எழும்பும்போதே என்ன வன்பொருள் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும். எக்ஸ்பியை இப்படி ஒரு கணினியில் போட்டு இன்னொன்றுக்கு மாற்றினால் பெரும்பாலும் 7பி என்ற பிழை எண்ணோடு நீலத்திரைதான்.

கேப்டன்_சுண்டல்

எல்லாரும் பெரிது பெரிதாக எழுதுகிறீர்கள். என்னுடையது நாலு வரி. இன்ஸ்டால் ஆகிவிட்டது, நெட் வருகிறது, ஆனால் ஆப்ட் அப்டேட் (லினக்ஸில் மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுத்தால் ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்கிறது, பிரவுசரில் எல்லாத் தளமும் சான்றிதழ் பிழை. மூன்று முறை ரீஇன்ஸ்டால். லேப்டாப்பின் தேதி 2008 ஜனவரி 1 என்று இருந்தது. தேதியைக் காக்கும் சிமாஸ் பேட்டரி செத்துப்போயிருந்தது. புது பேட்டரியோடு முடிந்தது.

தாம்பரம்_பாஸ்ட்

பென்டிரைவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எனக்கு அக்கம்பக்கத்துப் பழைய லேப்டாப்புகள் எல்லாம் வந்து சேரும், இலவசமாகப் பண்ணித் தருவதால் கூட்டம் ஜாஸ்தி. அதனால் வென்டாய் போட்ட ஒரு 64 ஜிபி பென்டிரைவ் வைத்திருந்தேன். வென்டாய் தெரியாதவர்களுக்கு: ஒரு தடவை பென்டிரைவில் அதைப் போட்டுவிட்டால் போதும், அப்புறம் ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் டிஸ்கின் முழு நகல்) ஃபைல்களைச் சும்மா காப்பி பண்ணிப் போட்டுக்கொண்டே போகலாம், பூட் ஆகும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும்.

முதலில் இரண்டு லினக்ஸ் மட்டும் போட்டு வைத்திருந்தேன், அருமையாக ஓடியது. அப்புறம் பேராசைப்பட்டு விண்டோஸ் 10, இன்னும் இரண்டு மூன்று என்று நிரப்பினேன். புதிதாகப் போட்டது எதுவுமே உருப்படவில்லை. ஒன்று பாதியில் ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர் என்று நூறு வரி ஓடும், இன்னொன்று ஃபைல் காணவில்லை என்னும். நான் அந்தந்த டிஸ்ட்ரோவை (லினக்ஸ் வகையை) திட்டினேன், லேப்டாப்பின் ராமைத் திட்டினேன், மெம்டெஸ்ட் போட்டு இரவெல்லாம் ஓடவிட்டேன். ராம் சுத்தம். டவுன்லோட் பண்ணிய ஃபைலின் ஷா256 எண்ணை (ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று காட்டுவது) சரிபார்த்தேன், அதுவும் சரி. பென்டிரைவில் இருக்கும் காப்பியின் எண்ணைப் பார்த்தபோதுதான் வேறு வந்தது.

எலக்ட்ரிக் டிரெயினில் ஒருவர் விற்றபோது வாங்கிய பென்டிரைவ் அது. எஃப்3 என்ற சோதனை நிரல் போட்டு எழுதி எழுதிப் படித்துப் பார்த்தால் உண்மையான கொள்ளளவு 8 ஜிபிக்கும் கீழே. வெளியே 64 என்று சொல்லும்படி மாற்றி வைத்திருக்கிறார்கள். முதல் எட்டு ஜிபிக்குள் விழுந்தது எல்லாம் ஓடும், அதற்கு மேல் எழுதியது எங்கும் இல்லை. முதல் இரண்டு ஓடியதால்தான் எனக்குக் கடைசி வரை சந்தேகமே வரவில்லை. வாங்கிய அன்றே முழுதாக ஒரு தடவை எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள், ஒரு இரவு போகும், போகட்டும்.

பினாங்கு_மாமா

என்னிடம் வந்த லேப்டாப்பில் யூஎஸ்பி போர்ட் எல்லாமே செத்துவிட்டது, சிடி டிரைவும் இல்லை. லேன் போர்ட் மட்டும் உயிரோடு. அதனால் நெட்வொர்க் வழியாகப் பூட் பண்ணினேன், பிஎக்ஸ்இ என்பார்கள். இன்னொரு லேப்டாப்பில், ஐபி முகவரியும் பூட் ஃபைலும் கொடுக்கும் டிஎன்எஸ்மாஸ்க் நிரலைப் போட்டு, டெபியனின் நெட்பூட் ஃபைலைப் பிரித்து வைத்து, இரண்டையும் கேபிளால் இணைத்து எஃப்12.

முதலில் இரண்டையும் வீட்டு ரூட்டரில் மாட்டியிருந்தேன், பூட் ஃபைல் பெயர் கிடைக்கவில்லை என்று இ53 எரர். ரூட்டரும் ஐபி கொடுக்கிறது, என் லேப்டாப்பும் கொடுக்கிறது, ரூட்டர் முந்திக்கொள்கிறது. அது ஐபி மட்டும் கொடுத்து, பூட் பண்ண என்ன ஃபைல் என்று சொல்லாமல் விட்டுவிடும். ரூட்டரைக் கழற்றிவிட்டு நேரடிக் கேபிள், என் வைஃபையைப் பகிர்ந்து நெட். இன்ஸ்டாலர் மேலே வந்தபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கேபிள் வழியாக வந்தது என்றேன். அவர், எல்லா நெட்டும் கேபிள் வழியாகத்தானே வருகிறது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

திருச்சிக்காரன்

அப்பா கதை. டெபியனில் எல்எக்ஸ்டிஇ என்ற லேசான திரைச்சூழல் போட்டேன், லிப்ரே ஆஃபிஸ் திறக்க ஒரு நிமிடம் ஆகிறது, திறந்த பிறகு டைப் அடிக்கப் பிரச்சினை இல்லை. தமிழ்99 தான் எளிது என்று விசைப்பலகையை வரைந்து பக்கத்தில் ஒட்டி வைத்தேன். இரண்டு நாள் ஒரு விரலால் குத்திப் பார்த்துவிட்டு, நான் 33 வருஷம் இந்த விரலை வைத்துத்தான் சம்பளம் வாங்கினேன், எனக்கே சொல்லித் தருகிறாயா என்று தள்ளி வைத்துவிட்டார்.

ஐபஸில் (பல மொழிகளில் டைப் அடிக்க உதவும் நிரல்) எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைப் போட்டால் பட்டியலில் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் அமைப்பும் இருக்கிறது. அதைத் தேர்ந்து கொடுத்தேன். கீபோர்டைப் பார்க்கவே இல்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே ஒரு பத்தி அடித்தார். இடையில் இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கிறது என்று குறை சொன்னார், அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

நேற்று இரவு கூப்பிட்டு, எல்லாம் சரி, வரி முடியப் போகும்போது ஒரு மணி அடிக்குமே, அதை எங்கே ஆன் பண்ணுவது என்று கேட்டார். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.