மறு: காப்பகப் பூச்சிகளைக் குளிரால் கொல்லும் முறைக்குத் தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

பூச்சி பிடித்த நூல்களைக் கடுங்குளிரில் வைத்துப் பூச்சியைக் கொல்வதைக் காப்பகத்தில் நாங்கள் நாள்தோறும் ‘ஃப்ரீசிங்’ என்கிறோம். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டதில் இந்தக் குழுவில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: உறைபதனம், உறைவித்தல், உறைநிலைத் தொற்றுநீக்கம். ஒரு வாரமாக மூன்றையும் வேலையோடு வேலையாகப் புழங்கிப் பார்த்தேன். மூன்றும் எனக்கு ஒத்துவரவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் சொல் பிழைத்தால் புத்தகம் பிழைக்காது.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஒரு சிறு நூலகத்துக்கு ஒரு வீட்டிலிருந்து பழைய கணக்குப் புத்தகங்கள் வந்தன. தட்டினால் பூச்சி அரித்த தூள் மாவு மாவாகக் கொட்டியது. பாலித்தீன் பையில் கட்டி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தோம். பையில் ஒட்டியிருந்த சீட்டு ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து எழுதியது. ‘உறைந்த நூலை வெளியே எடுத்து உருகவிடவும்’ என்று அதில் இருந்தது. அன்று பணியில் இருந்த தம்பி கவனமானவர், சொன்னதைச் சொன்னபடி செய்பவர். உருகவிடு என்றால் வேறென்ன செய்வார்? ஐஸில் கிடந்த மீனைப் பிரித்து வைப்பதுபோலப் பையைப் பிரித்து, புத்தகங்களை மேசையில் வரிசையாக விரித்துவைத்துவிட்டார். கடற்கரை ஊர், புழுங்கும் காற்று. நான் போய்ப் பார்த்தபோது அட்டைகள் குளிர்ந்த சொம்பு போல வியர்த்திருந்தன. ஒரு பேரேட்டில் வரவுப் பக்கத்து எண்கள் ஊதாக் கறையாகப் பற்றுப் பக்கத்தில் இறங்கியிருந்தன. அதில் மூன்று பக்கங்களை இன்றுவரை படிக்க முடியவில்லை. தம்பிமேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சீட்டில் இருந்த வினைச்சொல்தான் அவரைத் தவறான வேலைக்கு அனுப்பியது.

உண்மையில் அந்தப் புத்தகத்தில் உருகுவதற்கு ஒன்றுமே இல்லை. சாதாரண அறையில் இருக்கும் காகிதத்தில் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு ஈரம் இருக்கும். அது நாரோடு பிணைந்து கிடக்கும் ஈரம். பனிக்கட்டி ஆகும் தனிநீர் அல்ல. புத்தகம் குளிர்கிறது, அவ்வளவுதான். உறைவது பூச்சியின் உடல்நீர். அதுவும் எல்லாப் பூச்சியிலும் இல்லை: பனிக்கட்டி உண்டாகும் முன்பே, குளிரின் தாக்கத்திலேயே சில செத்துவிடுகின்றன.

ஆகவே ‘நூல்களை உறைவித்தல்’ என்ற சொல் செயலை வேறு பொருளின்மேல் ஏற்றிவிடுகிறது. அதற்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. வெள்ளத்தில் நனைந்த புத்தகங்களை உறையவைத்து, பிறகு வெற்றிடத்தில் உலர்த்துகிறோமே, அங்கே உறைவது புத்தகத்தில் இருக்கும் நீரேதான். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடுவோம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் நனைந்த நூலும் பூச்சி விழுந்த நூலும் ஒரே பெட்டிக்குள், ஒரே சீட்டோடு போகும்.

உறைபதனம் என்று முன்மொழிந்த பேராசிரியர் ஐயாவின் சொல் காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் பதனம் என்றால் கெடாமல் வைத்திருப்பது. இந்த முறையோ பையைப் பிரித்த பின் எந்தப் பாதுகாப்பும் தராது. பழைய அலமாரியிலேயே திரும்ப வைத்தால் மறுநாளே புதுப் பூச்சி ஏறலாம். மருத்துவர் அம்மா சொன்ன தொற்றுநீக்கத்திலும் இதே இடர்தான். குளிர் பூஞ்சை வித்துகளைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. தொற்றுநீக்கம் என்று எழுதினால் பூஞ்சை பிடித்த கட்டுகளையும் கொண்டுவந்து தருவார்கள். இப்போதே தருகிறார்கள்.

இந்த முறை பெயர் பெற்றது அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தின் பைனக்கி அரிய நூலகத்தில். 1977இல் அங்கே நூல்களை மரம் துளைக்கும் வண்டினம் ஒன்று பிடித்துக்கொண்டது. நச்சுப்புகை போடுவதுதான் அக்கால வழக்கம். அதே பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர் சார்லஸ் ரெமிங்டன் குளிரைப் பயன்படுத்தச் சொன்னார். அதன்பின் அங்கே புதிதாக வரும் ஏடுகளை −36 பாகை செல்சியசில் மூன்று நாள் வைத்துத்தான் உள்ளே எடுப்பது என்று வழக்கமாயிற்று. புகைக்குப் பயன்பட்ட எத்திலீன் ஆக்சைடு புற்றுநோய் உண்டாக்குவது. மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைக் கெடுப்பது. அந்த இடத்துக்குத்தான் குளிர் வந்தது. சொல்லமைப்பிலும் அது, ‘புகையிடல்’ என்பதில் உள்ள புகையின் இடத்திலேயே உட்காரட்டும் என்பது என் எண்ணம்.

உரமிடுகிறோம், மருந்திடுகிறோம், எருவிடுகிறோம். ‘இடு’ என்ற வினையில் அளவு இருக்கிறது, ஒருவர் கை இருக்கிறது, எதற்காக என்ற நோக்கமும் இருக்கிறது. அந்த வரிசையில் ‘குளிரிடல்’ என்பதை முன்வைக்கிறேன். முழுப்பெயர் வேண்டிய இடத்தில் ‘உறைகுளிரிடல்’ என்று எழுதலாம். உறைகுளிர் வினைத்தொகை, எது உறைகிறது என்று அது சொல்வதில்லை, எவ்வளவு கடுமையான குளிர் என்றுதான் சொல்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

அளவு என்றேனே, அதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. −30 பாகையில் மூன்று நாள். −20 என்றால் ஒரு வாரமாவது, இரண்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. குளிரும் சட்டென்று இறங்க வேண்டும். மெல்ல மெல்லக் குளிர்ந்தால் சில பூச்சிகள் உடல்நீர் உறைவதைத் தடுக்கும் கிளிசரால் போன்றவற்றை உடலில் சேர்த்துக்கொண்டு குளிருக்குப் பழகிவிடும். சில பூச்சிகளின் உடல்நீர் சுழியத்துக்குக் கீழே பல பாகை போன பிறகும் உறையாமல் நீராகவே நிற்கும். அந்நிலையை ‘மீக்குளிர்வு’ எனலாம். தடித்த கட்டின் நடுப்பகுதி வெளிப்புறத்தைவிட வெகுநேரம் பிந்திக் குளிரும் என்பதால், பெட்டிக்குள் வைத்த நேரத்திலிருந்து நாள் கணக்கிடக் கூடாது. நடுவில் குளிர் ஏறிய நேரத்திலிருந்து எண்ண வேண்டும். மருந்துக்கு அளவு பார்ப்பதுபோலக் குளிருக்கும் பார்க்கிறோம். அதனால்தான் ‘இடல்’.

குளிரூட்டலோடு குழம்பாதா என்று கேட்பீர்கள். ஊட்டுவது அறைக்கும் காய்கறிக்கும், இதமாக இருக்க. இடுவது பூச்சிக்கு, சாக. பேச்சிலும் வைத்துப் பார்த்தேன். ‘அந்தக் கட்டு குளிரிட்டாச்சா?’ ‘இல்லக்கா, நாளைக்குத்தான் இடணும்.’ இரண்டாம் நாளே எங்கள் பிள்ளைகள் வாயில் ஏறிவிட்டது. கண்ணாடித் தகட்டு நெகட்டிவ், எண்ணெய் ஓவியம், மெழுகுப்பொருள் போன்று இந்த முறைக்கு ஆகாதவற்றின் பெட்டியில் ‘குளிரிடாதே’ என்று ஒரே சொல்லில் எழுத முடிகிறது.

அடுத்தது அந்த ‘உருகவிடு’. அதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். ‘குளிர் விட்டபின்’ என்று நம் பேச்சிலேயே இருக்கிறது. பயம் போனதற்கும் அப்படிச் சொல்வோம் என்பது தெரியும். பையின்மேல் எழுதினால் யாரும் அப்படிப் படிக்கப்போவதில்லை. ஈரம் படிவதற்கு ‘வியர்த்தல்’ போதும். ‘ஒடுக்கம்’ என்று பாடநூலில் இருப்பது இங்கே எந்தக் கையையும் எச்சரிக்காது.

துளைக்கும் பூச்சிக்கு ‘புத்தகப்புழு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நமக்குப் ‘பாணம்’ இருக்கிறதே. 1887இல் கலித்தொகைப் பதிப்புரையில், பழைய ஓலைச்சுவடிகளை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை ‘பாணக் கலப்பை’ ஏட்டை உழுததாக எழுதினார். எங்கள் மேசையில் கிடக்கும் பேரேட்டைப் பார்த்தால் அந்த உழவுச்சால் அப்படியே தெரிகிறது. இராமபாணம் என்று இன்றும் சொல்கிறார்கள். அச்சொல்லை விடக் கூடாது.

பழைய சீட்டைக் கிழித்துவிட்டு இன்று ஒட்டியது இது. எந்தச் சொல் இடறுகிறது என்று சொல்லுங்கள், அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடலாம்:

‘பாணம் கண்ட கட்டு. காற்றை வெளியேற்றிப் பையை ஒட்டவும். −20 பாகையில் இரண்டு வாரம் குளிரிடவும். வெளியே எடுத்தபின் ஒரு முழுநாள் பையைத் தொட வேண்டாம். பை வியர்த்து, அந்த வியர்வை காய்ந்து, குளிர் விட்டபின் பிரிக்கவும்.’