சாட்சி நேரத்தில் எழுந்து நிற்க முடியாதவர்கள்

சாத்தான்குளத்தான்

அம்மா போன ஆவணியில் இறந்துவிட்டார்கள். வாரத்திற்கு மூன்று முறை டயாலிசிஸ். பாளையங்கோட்டைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் வந்தது நான்தான். இடையில் ஓர் எழுப்புதல் கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் அம்மாவின் தலையில் கை வைத்து, "இந்த மகள் அடுத்த அசன விருந்தில் தன் கையால் பரிமாறுவாள் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்றார். அசனம் வந்தது. அன்று அம்மாவுக்கு மூச்சுத்திணறல்.

அதற்குப் பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. கோயிலுக்குப் போகிறேன். பாமாலை பாடும்போது வாய் அசைகிறது, அவ்வளவுதான். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த, புது வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைப் பிரித்துப் பார்க்காமல் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டேன். துவைத்தபோது கூழாக வந்தது. என்ன வசனம் என்று தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

தேவன் பேசாமல் இருக்கிறாரா, எனக்குக் கேட்கவில்லையா? நம்பிக் காத்திரு என்கிறார்கள். எதைக் கேட்டு நம்புவது?

ஜெபவீரன்

சகோதரரே, ஏசாயா 59:2 வாசியுங்கள். தேவனுடைய சத்தம் நின்றுபோனால் குறை நம் பக்கம்தான். அறிக்கை செய்யாத பாவம் ஏதும் இருக்கிறதா என்று ஆராய்ந்து பாருங்கள். மூன்று நாள் உபவாசம் இருங்கள். நிச்சயம் கேட்கும்.

நாசரேத் வாத்தியார்

தாயைப் பறிகொடுத்தவனிடம் பேசும் பேச்சா இது? எல்லாம் இழந்து நின்ற யோபுவின் நண்பர்கள் மூவரும் இதையேதான் சொன்னார்கள். தேவனுக்காக வக்காலத்து வாங்கியவர்கள் அவர்கள். தேவனிடமே வழக்காடியவர் யோபு. தீர்ப்பு யாருக்குச் சாதகமாக வந்தது என்று யோபு 42:7 இல் பாருங்கள்.

டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் தவறி விழுந்தார். 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய முழுவதும் அந்த அறைதான், அந்தக் கட்டில்தான். அவருக்காக ஜெபிக்க ஆளில்லாமலா போனது? மறைவான பாவம் என்ன என்று அவரிடம் போய்க் கேட்டிருப்பீர்களா?

தம்பி சாத்தான்குளத்தான், அன்று பேசியது கர்த்தர் அல்ல. கர்த்தர் பேரால் சொன்னது நடக்காவிட்டால், உபாகமம் 18:22 இல் அதற்குப் பெயர் துணிகரம். என் கட்சி எளிது: வேதம் போதும். நம் பக்கத்தில் வேலை மாற்றம், பெண் பார்ப்பது, மனை வாங்குவது எல்லாவற்றுக்கும் "ஆண்டவர் பேசினார்" என்கிறார்கள். அவர் பேசுவதெல்லாம் அவரவர் ஏற்கெனவே ஆசைப்பட்டதாகவே இருப்பது எப்படி?

ஏரல் வாழைக்காரன்

அண்ணாச்சி, முதல் பாதிக்கு ஆமென். கடைசிப் பத்திக்கு இல்லை.

2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி எங்கள் ஊரைத் தீவாக்கிவிட்டது. பொங்கலுக்கு வெட்ட வேண்டிய வாழை, தார் தள்ளி, முட்டுக்கம்பு கொடுத்து நின்றது. தண்ணீர் வடிந்தபோது கம்புகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன, வாழை மண்ணுக்குள். எனக்கு ஜெபம் அற்றுப்போயிற்று. ஆத்திரம்தான் இருந்தது.

மாசியில் ஒரு காலை வண்டலை வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் என்று போகுமே, ஆபகூக் மூன்றாம் அதிகாரம், ஞாயிறு பள்ளியில் பரிசுக்காக மனப்பாடம் செய்தது. அது வந்தது. மண்வெட்டியைப் போடும்போதெல்லாம் அதே வசனம், விடவே இல்லை. அன்று மாலையே புது வாழைக்கன்றுக்குச் சொல்லிவிட்டேன். இதைச் சத்தம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்ல?

நாசரேத் வாத்தியார்

நினைவுக்கு வந்தது என்று சொல்லுங்கள், தலையாட்டுகிறேன். கர்த்தர் பேசினார் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. எனக்குப் பயம் அங்கேதான். பிறகு வாழை நல்ல விலைக்குப் போயிருக்கும். அதையும் சேர்த்துச் சாட்சி சொல்லியிருப்பீர்கள்.

ஏரல் வாழைக்காரன்

விலை கிடைக்கவில்லை அண்ணாச்சி. கடன் அப்படியே நிற்கிறது. ஆண்டவர் செய்ததை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் இதை நான் சொன்னதே இல்லை, கடைசியில் என்ன கிடைத்தது என்று கேட்பார்கள்.

லாபம் வரும் என்று எனக்கு எதுவும் கேட்கவில்லை. கன்று நடு என்றுதான் பட்டது. தம்பியின் அம்மாவுக்குச் சொன்ன பிரசங்கியார் அடுத்தவருடைய நாளைக்கு உத்தரவாதம் கொடுத்தார். எனக்கு வந்தது அன்றைக்கு நான் செய்ய வேண்டிய வேலை. இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

மெஞ்ஞானபுரத்து மகள்

நான் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். நோயாளியைவிடக் கூட வருகிறவர்களைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். நான்கு மணி நேரம் வெளியே பெஞ்சில் இருந்துவிட்டு, ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்தபடியே அம்மாவை லிஃப்டுக்கு நடத்திப்போகும் மகன்கள். எல்லாம் முடிந்த பிறகும் பஸ்ஸுக்கு எழும் நேரத்திற்கே விழிப்பு வந்துவிடுகிறது என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். தம்பி, நீங்கள் தூங்குகிறீர்களா?

எலியா தீர்க்கதரிசியின் கதையை எல்லோரும் தேவன் மெல்லிய சத்தத்தில் பேசிய இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். 1 இராஜாக்கள் 19 ஐ மேலிருந்து படியுங்கள். செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்தவரிடம் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டு மறுபடி படுத்தார். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பிறகு நாற்பது நாள் நடை. சத்தம் அதற்கப்புறம்தான். ஜெபவீரன், துக்க வீட்டுக்காரருக்கு உபவாசம் எழுதிக் கொடுக்கும் முன் இதையும் பாருங்கள்.

வாத்தியார் ஐயாவுக்கும் ஒன்று. அன்னை தெரசா 1946 இல் டார்ஜிலிங் போகும் ரயிலில் அழைப்பைக் கேட்டார். பிறகு பல பத்தாண்டுகள் உள்ளுக்குள் இருட்டு. 1997 இல் இறந்தார். 2007 இல் அவருடைய கடிதங்கள் நூலாக வெளியானபோதுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. முன்பு கேட்டதை வைத்துக்கொண்டே அத்தனை காலம் வேலை செய்திருக்கிறார். கேட்கவே இல்லை என்று அந்த அம்மாவிடம் நீங்கள் சொல்ல முடியுமா?

ஜெபவீரன்

அப்படியானால் சாப்பிட்டுத் தூங்கினால் போதும், சபை எதற்கு? ஜெயம் பெற்றவர்கள் சாட்சி சொன்னால் மற்றவர்களுக்கு விசுவாசம் பெருகும். புலம்பலைக் கேட்டு யாரும் எழும்பியதில்லை.

மெஞ்ஞானபுரத்து மகள்

88 ஆம் சங்கீதம் இருட்டிலேயே முடிகிறது. கடைசியில் ஓர் ஆறுதல் வரிகூட ஒட்டவில்லை. பாடுவதற்கென்று இராகத்தலைவனிடம் ஒப்புவித்த பாட்டு அது. நம் ஞாயிறு இரவுக் கூட்டத்தில் "எனக்கு இன்னும் ஒன்றும் நடக்கவில்லை" என்று ஒருவர் எழுந்து சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வேலை கிடைத்தவர் எழுவார், பிள்ளை பெற்றவர் எழுவார், விசா வந்தவர் எழுவார். கிடைக்காதவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஆழ்வார்திருநகரியான்

நான் உங்கள் சபைக்காரன் அல்ல. ஆனாலும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர்ப் புளியமரத்தடியில் நம்மாழ்வார் பதினாறு ஆண்டு வாய் திறக்காமல் இருந்தார் என்பது ஐதிகம். மதுரகவி வந்து கேள்வி கேட்ட பிறகே பேச்சு. பேசத் தொடங்கியவர் என்ன பாடினார்? அவன் வரவில்லையே, இரக்கம் இல்லையா என்று மகளாக நின்று எத்தனையோ பாட்டு, மகளின் தாயாக நின்று எத்தனையோ பாட்டு. நம்பிக்கை குறைந்தவர் என்று அவரை யாரும் ஒதுக்கவில்லை. ஆழ்வார்களுக்கே தலைவராக வைத்திருக்கிறோம். இரட்சணிய யாத்திரிகம் பாடிய உங்கள் ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளையும் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர்தானே? இந்த மண்ணில் புலம்பலும் பக்திதான்.

நாசரேத் வாத்தியார்

வாருங்கள், நல்ல நேரத்தில் வந்தீர்கள். கிருஷ்ணபிள்ளை சாயர்புரத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்தது 1853 இல், ஞானஸ்நானம் பெற்றது 1858 இல். ஒரு கூட்டத்தில் கை தூக்கி முடித்த காரியம் அல்ல அது.

மகளே, தெரசா அம்மையார் கேட்டதை அவருடைய திருச்சபை விசாரித்து, காத்திருக்க வைத்து, பிறகுதான் அனுமதி கொடுத்தது. அந்த விசாரணை நம்மிடம் எங்கே? ஏரல்காரர் கண்ணியமானவர், தன் தோட்டத்தோடு நிறுத்திக்கொண்டார். மேடையில் மைக் பிடிக்கிறவர் நிறுத்துவதில்லை. சொன்னது நடக்காவிட்டால் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்கிற சபை ஒன்றைக் காட்டுங்கள், நானும் காது கொடுக்கிறேன்.

சாத்தான்குளத்தான்

அக்கா, தூக்கம் இல்லை. நான்கு மணிக்கு விழிப்பு வருவது உண்மைதான். உபவாசம் இருக்கப் போவதில்லை.

ஜெபம் இன்னும் வரவில்லை. ஆனால் வாத்தியார் ஐயா கடைசியில் கேட்டது மனதில் நிற்கிறது. இந்த ஞாயிறு இரவு சாட்சி நேரத்தில், அம்மாவுக்கு என்ன சொல்லப்பட்டது, என்ன நடந்தது, இரண்டையும் எழுந்து சொல்லப் போகிறேன். யார் பெயரையும் சொல்ல மாட்டேன். உபதேசியாரிடம் முன்கூட்டியே கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "இரண்டு நிமிடத்தில் முடித்துவிடு" என்றார்.

ஜெபவீரன்

சபையில் இடறல் உண்டாக்காதீர்கள் சகோதரரே. உங்களுக்காக ஜெபிக்கிறேன், அது வேறு.

ஏரல் வாழைக்காரன்

தம்பி, கூட்டம் எத்தனை மணிக்கு? உங்களுக்குப் பிறகு இரண்டு நிமிடம் எனக்கும் கேட்டுவையுங்கள்.