வீட்டு மின்சிக்கனப் பணியில் மாணவர்கள்: நீங்கள் கண்டது என்ன?

பாகூர்ப் பேராசிரியர்

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமில், பாகூருக்கு அருகே ஒரு சிற்றூரில் வீடுவீடாக மின்பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் வேலையை எங்கள் மாணவர்களுக்குக் கொடுத்திருந்தோம். ஒரு வீட்டில் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, பத்து ரூபாய்த் தாளை ஃபிரிட்ஜ் கதவின் இடுக்கில் வைத்து மூடி மெல்ல இழுத்தாள்; தாள் எந்தப் பிடிப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. கதவோரத்து ரப்பர் பட்டையான கேஸ்கெட் விறைத்துப்போனதால் வெளிச்சூடு உள்ளே புகுகிறது, அதனால்தான் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடுகிறது என்று அவள் தெளிவாக விளக்கினாள். முழுவதையும் பொறுமையாகக் கேட்ட அந்த வீட்டு அம்மா, "கொறை எங்கன்னு சொல்லிட்ட கண்ணு, நல்லது. இதை மாத்திக் குடுக்க யாரு வருவா, நீ வருவியா?" என்றார். மாணவி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

1969 முதல் நடந்துவரும் இத்திட்டம் ஒவ்வொரு மாணவரிடமிருந்தும் இரண்டாண்டுகளில் 240 மணி நேர உழைப்பைப் பெறுகிறது. அதில் ஒரு பகுதியையாவது பிழைப்புக்கு உதவும் கைத்தொழிலாக மாற்ற முடியாதா என்ற கேள்வி அந்த அம்மா கேட்ட நாளிலிருந்து என்னை விடவில்லை.

கடலூர் வயர்மேன்

ஐயா கேட்பது நியாயம்தான். ஆனால் பிள்ளைகள் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். தேவனாம்பட்டினத்தில் ஒரு தொண்டர் குழு பழைய பல்புகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. பொருத்த வந்தபோது நானும் துணைக்குப் போயிருந்தேன். சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று ஒரு தம்பி மெயினை அணைக்காமலே போர்டின் திருகைக் கழற்றத் தொடங்கினார். நான் ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டுப் போர்டைத் திறந்து பார்த்தால், நியூட்ரல் இணைப்பில் சுற்றியிருந்த டேப் கருகி, வயரின் உறை உருகி வழிந்திருந்தது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்த பிறகு அவசரத்தில் முறுக்கிவிட்ட இணைப்பு அது என்று வீட்டுக்காரர் சொன்னார். வயரிங்கில் கைவைக்க அரசின் தகுதிச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி வெறும் காகிதத்துக்காக வந்ததல்ல.

முத்தியால்பேட்டை வாசகி

வயர்மேன் அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர் வீடுகளின் பெரிய தொல்லை வயரில் இல்லை, மொட்டை மாடியில் இருக்கிறது. சித்திரை வெயிலில் எங்கள் மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க மாணவர்கள் வந்தார்கள். பாதி வேலை முடிந்திருந்தபோது, ஒரு பையன் செருப்பைக் கழற்றிவிட்டு, பூசிக் காய்ந்த பகுதியில் ஒரு காலும் பூசாத பகுதியில் ஒரு காலும் வைத்தான். பூசாத பக்கத்துக் காலை அந்தக் கணமே உதறி எடுத்துக்கொண்டான். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்பதை எனக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆயினும் விரிசலை அடைத்து, பாசியைச் சுரண்டிய பிறகே பூச வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. ஐப்பசி மழையில் பூச்சு உரிந்து தண்ணீர்க்குழாயை அடைத்தது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அனுபவமுள்ள ஒரு கொத்தனாரை உடன் அனுப்பாதவர்களைத்தான் சொல்வேன்.

நெய்வேலி ஓய்வுபெற்ற பொறியாளர்

என் பக்கத்து வீட்டுக்கு வந்த மாணவர்கள் துண்டறிக்கை கொடுத்துவிட்டுப் போனார்கள். அவ்வளவே என் அனுபவம். ஆனால் மூவர் எழுதியதையும் படித்தபின் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இங்கே ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. 75 வாட் பழைய மின்விசிறியை எடுத்துவிட்டு 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. என்ற மின்சிக்கன மோட்டார் வகை விசிறியை மாட்டினால், நாளொன்றுக்கு 15 மணி நேரம் ஓடும் வீட்டில் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சமாகும். கடலூர்ப் பக்கம் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுவதால், 510-இல் நிற்கும் குடும்பத்துக்கு அந்த 40 யூனிட் பெரிய தொகை. எந்த வீடு அந்த விளிம்பில் நிற்கிறது என்று பழைய பில்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க மாணவர்களுக்கு உரிமம் தேவையில்லை.

அமெரிக்காவில் ஏழைகளின் வீடுகளைக் குளிருக்கு அடைத்துக் கொடுக்கும் அரசுத் திட்டம் 1976 முதல் நடக்கிறது. அங்குள்ள அரசுத் தொண்டர் அமைப்பான அமெரிகார்ப்ஸின் இளைஞர்களும் அத்தகைய வேலைகளில் பழகுகிறார்கள். அவர்கள் காற்று கசியும் இடுக்கை அடைக்கிறார்கள். நமக்கோ மாடியும் விசிறியும் ஃபிரிட்ஜும்தான் பாடம். ஆகவே முதலாண்டில் பில் படித்தல், வாட் அளத்தல், மெயினை அணைத்துப் பழகுதல். இரண்டாமாண்டில் கொத்தனாருடனும் வயர்மேனுடனும் உதவியாளாக நிற்றல். விரும்புகிறவர்கள் படிப்பு முடிந்ததும் 1961-ஆம் ஆண்டுத் தொழில்பழகுநர் சட்டத்தின்கீழ் உதவித்தொகையோடு சேர்தல் என்று அமைக்கலாம். பேராசிரியர் ஐயா கணக்கெடுப்போடு நிறுத்தியது போதாது.

பாகூர்ப் பேராசிரியர்

பொறியாளர் ஐயா, கணக்கெடுப்போடு நிறுத்தியது என் விருப்பத்தால் அல்ல. முகாமுக்கு ஒதுக்கப்படும் பணத்தில் சாப்பாட்டுச் செலவுக்கே இழுபறி. உங்கள் யோசனையில் இரண்டாமாண்டுப் பகுதியை ஏற்கிறேன். ஆனால் உடன் வரும் வயர்மேனுக்கும் கொத்தனாருக்கும் நாள் கூலி கொடுத்தே தீர வேண்டும். தொண்டு என்ற பெயரில் அவர்களையும் இலவசமாக அழைக்க நான் உடன்படமாட்டேன்.

கடலூர் வயர்மேன்

கூலி பற்றிப் பேசியதற்கு நன்றி ஐயா. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வரத் தயார். ஒரு குழுவுக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம்; அதற்கு மேல் போனால் ஒவ்வொருவர் கையையும் என்னால் கவனிக்க முடியாது.