அந்த லட்டுவை என்ன பண்றதுன்னு தெரியல

சயான்காரன்
பரேல் கேன்சர் ஆஸ்பத்திரி வெளிய பிளாட்பாரத்துல தார்ப்பாய் கட்டிட்டு இருக்கிறவங்களைப் பத்தி மும்பைல இருக்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. நாங்க நாலு பேர் ஞாயித்துக்கிழமை இட்லி எடுத்துட்டுப் போவோம். அங்க தர்பங்காலேர்ந்து வந்த ஒருத்தர், பையனுக்கு 6 வயசு, பிளட் கேன்சர், பசங்களுக்கு வர்ற இந்த வகை பெரும்பாலும் குணமாயிடும்னு டாக்டர் சொன்னதை நம்பித்தான் எட்டு மாசம் அங்கயே கிடந்தாங்க. பையன் இட்லியை வாங்கினதும் முதல்ல மோந்து பாப்பான். போன மாசம் ஒரு ஞாயிறு ராத்திரி போயிட்டான்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் போற வழில பாக்கறேன், மனுஷன் வெறுங்கால்ல நடந்து வர்றார், கைல சித்திவிநாயக் கோயில் பிரசாதம். பையனுக்கு சரியானா செவ்வாய்க்கிழமை நடந்தே போய் கியூல நிக்கறேன்னு வேண்டியிருந்தார், எனக்கும் தெரியும். வாய் சும்மா இருக்காம "அப் க்யூங் பாய்?", இப்ப எதுக்குண்ணேன்னு கேட்டுத் தொலைச்சேன். ஒரு லட்டுவை எடுத்து என் கைல வெச்சு "போலா தா நா"ன்னார். சொல்லியிருந்தேன்ல. அவ்ளோதான். அழக்கூட இல்ல. அன்னிக்கே பவன் எக்ஸ்பிரஸ் பிடிச்சு ஊருக்குப் போயிட்டாங்க.

நான் 11 வருஷம் மலைக்கு மாலை போட்டவன். மூணு வாரமா அந்த லட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சாப்பிடவும் முடியல தூக்கிப்போடவும் கை வரல. உங்களுக்கும் இப்படி எதாவது நடந்திருக்கா?

செம்பூர் அக்கா
2005 ஜூலை 26. சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை, அப்ப நாங்க குர்லால மித்தி ஆத்துப் பக்கத்துல சால்ல, வரிசையா ஒத்தை ரூம் வீடுங்க, அதுல இருந்தோம், நான் பத்தாவது. ராத்திரி முழுக்க மாடிப்படில நின்னோம். பக்கத்து ரூம் பொண்ணு என்கூட ஒரே பெஞ்ச், அவ ஸ்கூல்லேர்ந்து திரும்பி வரவே இல்ல. நான் அன்னிக்கு ஜுரம்னு லீவு, அதான் வித்தியாசம்.

எல்லாரும் என் அம்மாகிட்ட "முருகன் உன் பொண்ணைக் காப்பாத்திட்டான்"னாங்க. அடுத்த வாரம் அம்மா செட்டா நகர் கோயிலுக்கு தேங்காய் உடைக்கக் கிளம்பினாங்க, படி இறங்கும்போது அந்தப் பொண்ணோட அம்மா எதிர்ல வந்தாங்க. எங்கம்மா சட்டுனு தேங்காயை முந்தானைக்குள்ள மறைச்சாங்க பாருங்க, திருடின மாதிரி. அப்புறம் கோயிலுக்குப் போகல. அந்தத் தேங்காயைத் துருவி சட்னிக்கும் போடல, என்ன ஆச்சுன்னே ஞாபகமில்ல. என்னைக் காப்பாத்தினது அவன்னா அவளை விட்டது யாருன்னு அப்ப கேக்கத் தெரியல, இப்ப கேட்டா அம்மா பேச்சை மாத்திடறாங்க.

மாட்டுங்கா மணி மாமா
தம்பி, முதல்ல பிரசாதத்தை ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கறதே தப்பு, வாங்கினா உடனே வாயில போட்டுக்கணும், இல்லேன்னா பசுவுக்குக் குடுத்துடணும். என் தோப்பனாருக்கு பைபாஸ் ஆச்சு, நானும் பகவான்கிட்ட சண்டை போட்டவன்தான், அப்புறம் புரிஞ்சுண்டேன். சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம்னு மூணு இருக்கு. சேர்ந்து கிடக்கறது சஞ்சிதம், அதுல இந்த ஜன்மாவுக்குன்னு எடுத்துண்டு வந்தது பிராரப்தம், இப்போ பண்றதால சேர்றது ஆகாமியம். விட்ட அம்பு மாதிரி பிராரப்தம், தைச்சுத்தான் தீரும். குழந்தை கணக்கு தீர்ந்தது, போய்ட்டான், அவ்வளவுதான். நீங்க அதை மனசுல போட்டுண்டு உழப்பிக்காதீங்கோ. தினம் கார்த்தால ஒரு பதிகம் சொல்லுங்கோ, அப்பருக்கே சூலை நோய் வந்து திருவதிகைல பாடித்தானே தீர்ந்தது? காபியைக் குறைச்சுக்கோங்கோ, ராத்திரி பத்து மணிக்கு மேல மொபைல் பாக்காதீங்கோ, ஆஸ்பத்திரிப் பக்கம் கொஞ்ச நாள் போக வேண்டாம், இட்லியை வேற யார்கிட்டயாவது குடுத்தனுப்பலாம். ஆத்துலயும் இதைப் பேசாதீங்கோ, குழந்தைகள் பயந்துக்கும்.

90 அடி ரோடு
மாமா, பைபாஸ் கதை ஒரு வரி, அட்வைஸ் இருபது வரி. 6 வயசுப் பையனுக்கு என்ன கணக்கு? அந்த அப்பாகிட்ட நேர்ல போய் "கணக்கு தீர்ந்தது"ன்னு சொல்வீங்களா?

நாங்க தாராவி, பூர்வீகம் திருநெல்வேலி, வேதக்காரங்க. பைபிள்ல யோபுன்னு ஒருத்தர், புள்ளைங்க செத்து, சொத்து போய், உடம்பெல்லாம் புண்ணு. பார்க்க வந்த சிநேகிதங்க ஏழு நாள் வாயே திறக்காம அவரோட தரையில உட்கார்ந்திருந்தாங்க. அது வரைக்கும் சரி. அப்புறம் "நீ என்னமோ பண்ணியிருப்பே"ன்னு ஆரம்பிச்சாங்க. கடைசில கடவுள் கோவப்பட்டது அவங்க மேலதான், தன்னை அத்தனை கேள்வி கேட்ட யோபு சரியாப் பேசினான்னுதான் சொல்றார்.

என் தம்பிக்கு போலியோ. பாந்த்ரா மவுண்ட் மேரி சர்ச்சுல செப்டம்பர் திருவிழாவுக்கு மெழுகுல கை, கால், வீடு எல்லாம் விப்பாங்கல்ல, அம்மா வருஷா வருஷம் ஒரு கால் வாங்கி வைப்பாங்க. ஒரு தடவை கடைக்காரி "போன வருஷமும் கால்தானே எடுத்தே?"ன்னு மராட்டில கேட்டா. நான் சண்டைக்குப் போயிருப்பேன். அம்மா சிரிச்சுட்டு "ஆமா, இந்தத் தடவை கொஞ்சம் பெருசாக் குடு, பையன் வளந்துட்டான்"னாங்க. எனக்கு இன்னிக்கும் அது நம்பிக்கையா நக்கலான்னு புரியல. தம்பிக்கு இப்ப 38, அதே காலோட ரிப்பேர் கடை நடத்துறான், ஞாயித்துக்கிழமை எனக்கு முன்னாடி சர்ச்சுல நிப்பான்.

செம்பூர் அக்கா
மாமா, அப்பர் பதிகத்துல முதல் அடியே "கூற்றாயினவாறு விலக்ககிலீர்", எமனா வந்த நோயை ஏன் விலக்க மாட்டேங்கறீங்கன்னு சண்டை. அடுத்தது "கொடுமைபல செய்தன நான்அறியேன்". நான் பண்ணின கொடுமை எதுவும் எனக்குத் தெரியாதுன்னு அவரே சொல்றார், நீங்க அந்தப் பையன் சார்பா தெரியும்கறீங்க. வள்ளுவர் இன்னும் ஒரு படி மேல, பிச்சை எடுத்துத்தான் வாழணும்னா படைச்சவனே அலைஞ்சு கெடட்டும்னுட்டார்.

மாட்டுங்கா மணி மாமா
நீங்க சொல்ற அர்த்தம் தப்பு, தெரிஞ்சோ தெரியாமலோன்னு கொள்ளணும். அறியேன்னா பண்ணலேன்னு அர்த்தம் ஆயிடாது. சரி விடுங்கோ. தம்பி, லட்டு என்ன ஆச்சு?

சயான்காரன்
நேத்து பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வந்த பசில எடுத்து சாப்பிட்டுட்டா. நான் டப்பாவைத் தேடறப்பதான் சொல்றா, "நல்லாவே இல்லப்பா, காஞ்சு போச்சு, பாதியை காக்காவுக்கு வெச்சேன்"னு.