குடும்பக் குழு: கார்த்தியின் மலைப் பயணமும் மடக்குக் கத்தியும்

கார்த்தி: டிசம்பர் கடைசி வாரம் உத்தரகண்டில் இருக்கும் கேதார்கந்தா மலையேறப் போகிறேன். சென்னையிலிருந்து டேராடூனுக்கு விமான டிக்கெட்டும் போட்டாயிற்று. சித்தப்பா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். லெதர்மேன் வேவ் பிளஸ் வாங்கலாம் என்று பார்த்தேன், கத்தி, கட்டிங் பிளேயர், ஸ்குரூ டிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கும் மல்ட்டிடூல். ஷூ, ஜாக்கெட், டார்ச் எல்லாவற்றுக்கும் சேர்த்து இருபதாயிரம் ஒதுக்கியிருக்கிறேன். இது ஒன்றே பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. வாங்கலாமா?

மீனா அத்தை: கத்தியா? எதற்குடா?

செல்வம் சித்தப்பா: நல்ல கருவி கார்த்தி. பட்டறையில் தினமும் என் இடுப்பில் இருப்பது அதுதான். ஆனால் நீ போகிற இடத்துக்கு அது வேண்டாம். அங்கே கூடாரம் அடிப்பது, சமைப்பது எல்லாம் கூட்டிப் போகிறவர்கள்தானே?

கார்த்தி: ஆமாம் சித்தப்பா. என் பையை நான் தூக்கிக்கொண்டு நடந்தால் போதும்.

செல்வம் சித்தப்பா: அப்புறம் கட்டிங் பிளேயர் எதற்கு? மலையில் உனக்குக் கத்தி வேலை எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பார். பிஸ்கட் பாக்கெட் பிரிக்க, ஆப்பிள் நறுக்க, பிசிறு விட்ட கயிற்று நுனியை வெட்ட, காலில் கொப்புளம் வந்தால் பிளாஸ்திரி கத்தரிக்க. கடைசி வேலைக்குத்தான் கருவி அவசரமாகத் தேவைப்படும். அதற்கும் கத்தியைவிடக் கத்தரிக்கோல்தான் உதவும். வேவ் பிளஸ் 241 கிராம். அந்த எடையை 12,500 அடிக்குத் தூக்கிப் போய்ப் பிளாஸ்திரி வெட்ட வேண்டியதில்லை.

பாலா: மாமா, யூடியூபில் பார்த்தால் எல்லோரும் மல்ட்டிடூல் இல்லாமல் மலைக்குப் போகாதே என்கிறார்களே?

செல்வம் சித்தப்பா: அந்தக் கருவி எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் குழப்பம் தீரும் பாலா. டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975-இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். வண்டி அடிக்கடி மக்கர் செய்தது. கையில் சாரணர் கத்தி ஒன்று இருந்தது, கட்டிங் பிளேயர் இல்லை. கத்திக்குள்ளேயே பிளேயரும் இருந்தால் என்ன என்று யோசித்து உழைத்து, 1983-இல்தான் முதல் கருவியை விற்றார். ஆக அது ரிப்பேர் பார்க்கிறவனுக்காகப் பிறந்தது. ரிப்பேர் பார்க்க எதுவும் இல்லாத இடத்தில் அதற்கு வேலை குறைவு.

பாலா: அப்படியானால் நான் வாங்கலாம். புல்லட்டில் வால்பாறை போகிறோம்.

செல்வம் சித்தப்பா: நீ தாராளமாக வாங்கலாம். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். கண்ணாடி ஆட்டம் காணும், கிளட்ச் கேபிள் தளரும், எங்காவது ஒரு வயர் பிய்ந்து தொங்கும். அங்கே பிளேயரும் ஸ்குரூ டிரைவரும் கொடுத்த காசுக்கு உழைக்கும். 25 வருட வாரண்டியும் இருக்கிறது.

கார்த்தி: பாதி விலைக்கே நிறைய கிடைக்கிறதே சித்தப்பா? பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருக்கிறது.

பாலா: வேண்டாம் மச்சான். என் அறை நண்பன் அப்படி ஒன்று வாங்கினான். ஸ்குரூ டிரைவர் முனை முதல் திருகிலேயே மழுங்கிப்போனது. பிளேயர் தாடை ஒன்றோடொன்று சேரவே இல்லை.

செல்வம் சித்தப்பா: அதேதான். பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். நுனி நேராகச் சேர வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. கத்தியானால் விரித்து இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் கத்தி என்றால் அலகின் அடியில் பெயர் தெளிவாகப் பொறித்திருக்கும், திறக்கும்போதும் மூடும்போதும் ஸ்பிரிங் டக்கென்று உட்காரும். சீனாவில் செய்தது எல்லாமே மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். என்ன எஃகு என்று எழுதி விற்பவற்றில் நல்லவை நிறைய இருக்கின்றன. எஃகின் பெயரே சொல்லாமல் வெறும் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

கார்த்தி: சரி, எனக்கு எதுதான் பொருந்தும்?

செல்வம் சித்தப்பா: இரண்டில் ஒன்று. விக்டோரினாக்ஸ் கிளாசிக் 58 மில்லிமீட்டர் நீளம்தான், இருபது கிராம் சொச்சம். சின்னக் கத்தி, கத்தரிக்கோல், அரம், முள் எடுக்கும் இடுக்கி எல்லாம் உண்டு. கைக்கு அடக்கமாகக் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்றால் 91 மில்லிமீட்டர் வரிசையில் கிளைம்பர். அதன் கத்தரிக்கோல் உண்மையிலேயே நன்றாக வெட்டும். எண்பது கிராம் அளவு. நானாக இருந்தால் உனக்குக் கிளைம்பர்தான் வாங்கித் தருவேன்.

ஒரு விஷயம் மறக்காதே. அந்த இரண்டிலும் கத்திக்குப் பூட்டு கிடையாது, ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அறுக்கலாம், சீவலாம். குத்தினால் மடங்கி விரலில் விழும்.

தேன்மொழி அக்கா: பூட்டு இல்லாததும் நல்லதுக்குத்தான். இங்கே லண்டனில் மடக்குக் கத்தியைச் சும்மா சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்தைத் தாண்டக் கூடாது, பூட்டும் இருக்கக் கூடாது. மீறினால் தக்க காரணம் சொல்ல வேண்டும். வேவ் பிளஸ் கத்தி பூட்டிக்கொள்ளும், அதனால் என் கணவர் அதை வீட்டிலேயே வைத்திருக்கிறார். ஒப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியில் எட்டாம் நம்பரும் அப்படித்தான். 85 மில்லிமீட்டர் அலகு, வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். அழகான கத்தி, விலையும் குறைவு, ஆனால் சுற்றுலாவில் சாப்பிடும் நேரத்தில் மட்டும்தான் வெளியே வரும்.

மீனா அத்தை: நம் ஊரில் போலீஸ் பிடிக்காதா அண்ணா? விமானத்தில் வேறு போகிறான்.

செல்வம் சித்தப்பா: பயப்படாதே மீனா. நம் ஆயுத விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுதான் கணக்கு. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆன கருவிகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. இவன் வாங்கப்போவது அதில் கால்வாசி நீளம். ஆனால் விமானத்தில் கைப்பையில் வைக்கவே கூடாது, சோதனையில் எடுத்துவிடுவார்கள். உள்ளே அனுப்பும் பெட்டியில் போட வேண்டும். பவர் பேங்க் நேர் எதிர். அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போடக் கூடாது. 20,000 மில்லி ஆம்பியர் அவர் என்றால் 74 வாட் அவர் வரும். வரம்பு 100, அதனால் பிரச்சினை இல்லை.

கார்த்தி: இதை எழுதி வைத்துக்கொள்கிறேன். கத்தி இரண்டாயிரம், மூவாயிரத்தில் முடிந்தால் மீதி?

செல்வம் சித்தப்பா: முதல் செலவு ஷூ. இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே. டிசம்பர் கடைசியில் அங்கே பனி இருக்கும். நீர் புகாத, கணுக்காலை மூடுகிற ஷூ வேண்டும். இறங்கும்போதுதான் விரல் முன்னால் போய் முட்டி நகம் கருக்கும், அதனால் விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும். இப்போதே வாங்கிப் போட்டுக்கொண்டு தினமும் நட. புது ஷூவோடு மலை ஏறுகிறவனுக்கு முதல் நாள் மாலையே கொப்புளம்.

தேன்மொழி அக்கா: காலுறை கம்பளி நூல் கலந்ததாக வாங்கு கார்த்தி. பருத்தி நனைந்தால் காயாது, கால் விறைத்துவிடும். ஜீன்ஸும் கூடாது. அதே காரணம்தான்.

கார்த்தி: ஜாக்கெட்?

தேன்மொழி அக்கா: வாடகைக்கு எடு. மலையேற்றம் தொடங்கும் சாங்க்ரி கிராமத்திலேயே கிடைக்கும், கூட்டிப் போகிறவர்களும் தருவார்கள். சென்னையில் அதை எங்கே போடப்போகிறாய்? வாங்கியே தீர வேண்டும் என்றால் இறகு வைத்தது எடை குறைவு, கதகதப்பு அதிகம். ஆனால் நனைந்தால் பயனில்லை. செயற்கைப் பஞ்சு கொஞ்சம் கனம், நனைந்தாலும் ஓரளவு காக்கும். உள்ளே போடும் மெல்லிய பனியனையும் நடுவில் போடும் ஃபிலீஸ் என்ற கதகதப்பான மேல்சட்டையையும் மட்டும் சொந்தமாக வாங்கு, அவை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உதவும்.

செல்வம் சித்தப்பா: சரியாகச் சொன்னாள். டார்ச் தலையில் மாட்டுவதாக இருக்கட்டும், உச்சிக்கு விடியுமுன் இருட்டில் கிளம்புவார்கள். வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமென் எண்ணைப் பார்த்து மயங்காதே. பாதை பார்க்க இருநூறு, முந்நூறு தாராளம். அதை விட, குளிரில் எவ்வளவு நேரம் எரியும் என்று பார். சாதாரண அல்கலைன் பேட்டரி உறைபனியில் சீக்கிரம் படுத்துவிடும், லித்தியம் செல் தாங்கும். எதுவானாலும் இரவில் டார்ச், போன், பவர் பேங்க் மூன்றையும் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்.

பாலா: மாமா, கத்தி எஃகு பற்றியும் சொல்லுங்கள். மழுங்காத எஃகு என்று நாலு மடங்கு விலையில் விற்கிறார்கள்.

செல்வம் சித்தப்பா: அவை நாள்கணக்கில் கூர் நிற்கும், உண்மை. மழுங்கிய பிறகு நம் வீட்டுச் சாணைக்கல்லில் தீட்ட முயன்றால் கை ஓய்ந்துவிடும். விக்டோரினாக்ஸ் எஃகு கொஞ்சம் மென்மை. வேலை செய்தால் சீக்கிரம் மழுங்கும், ஆயிரம் கிரிட் என்று நயம் போட்ட சாணைக்கல்லில் ஐந்து நிமிடம் தேய்த்தால் திரும்ப வரும். தீட்டத் தெரிந்தவன் கையில் சாதாரண எஃகு போதும். திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர் வந்ததும் அடித்துத் தீட்டுகிற கையால்தான். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தால் சொல்லித் தருகிறேன்.

மீனா அத்தை: அண்ணா, அந்த விக்டோரினாக்ஸ் கம்பெனியில் சமையல் கத்தி இருக்கிறதா? தக்காளி நறுக்க முடியவில்லை.

செல்வம் சித்தப்பா: பல் வைத்த சின்னக் கத்தி இருக்கிறது மீனா, சில நூறு ரூபாய்தான். பழுத்த தக்காளியையும் நசுக்காமல் வெட்டும். இவனுடையதோடு சேர்த்து உனக்கும் வாங்கிவிடுகிறேன்.

கார்த்தி: அப்படியானால் மல்ட்டிடூல் இல்லை. ஷூதான் முதலில். சித்தப்பா, கடைக்குக் கூட வருகிறீர்களா?

செல்வம் சித்தப்பா: ஞாயிறு மாலை போகலாம். காலையில் வேண்டாம், மாலையில்தான் கால் சற்று வீங்கியிருக்கும், அப்போது பார்த்தால்தான் அளவு சரியாக வரும். அந்தக் கம்பளிக் காலுறையை முன்னாலேயே வாங்கி எடுத்து வா, அதைப் போட்டுக்கொண்டுதான் ஷூ போட்டுப் பார்க்க வேண்டும்.