வீட்டு லைன் ஒஃப் கிரெடிட்: 80% வரை எடுக்கலாம் என்றால் வங்கி ஏன் பாதிதான் தருகிறது?

மோர்னிங்சைட்வாசி:

வணக்கம். ஸ்காபரோவில் இருக்கிறோம். வீட்டை வங்கி 900,000 டொலர் என்று மதிப்பிட்டிருக்கிறது. மோட்கேஜ் மீதி 520,000, வட்டி 4.6%, இன்னும் 25 வருடம். நானும் மனைவியுமாக வருடம் 150,000 உழைக்கிறோம். வான் வாகனக் கடனுக்கு மாதம் 620 போகிறது. வேறு கடன் இல்லை. பேஸ்மென்டை வாடகைக்கு விடும்படி திருத்த வேண்டும். மனைவியின் தம்பி வீடு வாங்கப் போகிறான், அவனுடைய டவுன் பேமண்டுக்கும் கொஞ்சம் கொடுக்க ஆசை. அதனால் வீட்டை ஈடு வைத்து, தேவைக்கு எடுத்துக் கட்டும் லைன் ஒஃப் கிரெடிட்டாக 200,000 கேட்டோம். 900,000 இல் 80% என்றால் 720,000, மோட்கேஜைக் கழித்தால் சரியாக 200,000 வருகிறது. வங்கியோ 110,000 க்கு மேல் முடியாது என்கிறது. தெரிந்த ஒருவர், 65% தான் சட்டம் என்கிறார். யார் சொல்வது சரி?

மார்க்கம்வாலா:

கிரெடிட் யூனியனிலும் கேளுங்கள் அண்ணை. ஒன்ராறியோவில் அவை மாகாணத்தின் கீழ் வருகின்றன, வங்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் ஒஸ்ஃபி அமைப்பின் விதி அவற்றைக் கட்டாது. ஆனால் சில தாங்களாகவே அதே கணக்கைப் போடும்.

வல்வை அக்கா:

தம்பி, நான் மோட்கேஜ் ஏஜென்ட் வேலை செய்கிறேன். 80% என்று சொன்னவரும் சரி, 65% என்று சொன்னவரும் சரி, வங்கியும் சரி. மூன்றும் வெவ்வேறு கணக்கு.

ஒஸ்ஃபியின் பி-20 வழிகாட்டியில் 2012 முதலே இருக்கிறது: எடுத்து, கட்டி, திரும்ப எடுக்கும் லைன் பகுதி வீட்டு மதிப்பில் 65% ஐத் தாண்டக் கூடாது. அசலும் வட்டியுமாகக் கட்டி முடிக்கும் மோட்கேஜோடு அதைச் சேர்த்தால் மொத்தம் 80% வரை போகலாம். உங்களுடைய 200,000 மதிப்பில் 22% அளவுதான், ஆகவே 65% அதைத் தடுக்கவில்லை.

ஆனால் 2022 இல் ஒஸ்ஃபி இன்னொன்றைச் சேர்த்தது, வங்கிகள் 2023 கடைசியில் நடைமுறைக்குக் கொண்டு வந்தன. முன்பு மோட்கேஜ் அசலில் ஒரு டொலர் கட்டினால் லைனில் ஒரு டொலர் கூடும். இப்போது மொத்த எல்லை 65% க்கு மேல் இருக்கும் வரை அப்படிக் கூடாது, நீங்கள் கட்டும் அசல் மொத்த எல்லையைத்தான் குறைக்கும். உங்கள் வீட்டுக்கு 65% என்பது 585,000. 720,000 இலிருந்து அங்கே வர 135,000 அசல் கட்ட வேண்டும். அதுவரை லைன் தானாக வளரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். பழைய ஆட்கள் வளரும் என்றுதான் சொல்லித் தருவார்கள்.

வங்கி உங்களை நிறுத்தியது வருமானத்தில். வட்டி கூடினாலும் உங்களால் கட்ட முடியுமா என்று பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் லைனுக்கும் உண்டு: ஒப்பந்த வட்டியோடு 2% கூட்டியது, அல்லது 5.25%, இரண்டில் எது பெரிதோ அது. நான் போட்டுப் பார்த்தேன். மோட்கேஜை 6.6% இல் வைத்தால் மாதம் 3,520 அளவு. வீட்டு வரி 400, சூடாக்கும் செலவு 120 என்று வைப்போம். வான் 620. மொத்தம் 4,660. உங்கள் மாத வருமானம் 12,500. வீட்டுச் செலவும் கடன்களும் சேர்ந்து வருமானத்தில் 44% ஐத் தாண்டக் கூடாது என்று வங்கிகள் பார்க்கும், அது 5,500. மிச்சம் 840 தான்.

லைன் வட்டி 5.45% என்றால் 200,000 க்கு நீங்கள் கட்டப் போவது வட்டி மட்டும், மாதம் 908. ஆனால் பல வங்கிகள் அதை 7.45% இல், 25 வருடத்தில் அசலோடு கட்டுவது போல எண்ணும். அது மாதம் 1,470. உங்களிடம் மிஞ்சும் 840 க்கு 114,000 தான் வரும். வங்கி சொன்ன எண் அங்கேதான் பிறந்திருக்கும்.

மோர்னிங்சைட்வாசி:

நன்றி அக்கா, வங்கியில் இப்படி ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. வான் கடனில் 9,000 தான் மீதி. அதை முடித்துவிட்டால்?

வல்வை அக்கா:

அப்போது 840 ஓடு 620 சேர்ந்து 1,460 ஆகும். நீங்கள் கேட்ட தொகை கிட்டத்தட்ட முழுவதும் வந்துவிடும். சேமிப்பில் காசு இருந்தால் முடித்து, முடிந்ததற்குக் கடிதம் வாங்கிக் கொண்டு திரும்ப விண்ணப்பியுங்கள். 9,000 டொலர் கடன் 80,000 க்கு மேல் லைனை மறைத்துக் கொண்டு நிற்கிறது.

மார்க்கம்வாலா:

பிறகென்ன, முழுதாக எடுங்கள். வட்டி மட்டும் கட்டினால் போதும்தானே.

வல்வை அக்கா:

அதை மட்டும் சொல்லாதீர்கள் தம்பி. லைன் வட்டிக்கு அடிப்படையான வங்கியின் பிரைம் வட்டி 2022 தொடக்கத்தில் 2.45%, 2023 ஜூலையில் 7.20%. பிரைமோடு அரை சதவீதம் கூட்டி என்று 100,000 எடுத்தவர் மாதம் 246 இலிருந்து 642 க்குப் போனார், அசலில் ஒரு சதம் குறையாமல். அந்த நேரம் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி லைன் எடுத்த குடும்பங்கள்தான். பிள்ளையின் நீச்சல் வகுப்பை நிறுத்தியவர்கள் இருந்தார்கள். இன்னொன்று, பெரும்பாலான லைன் ஒப்பந்தங்களில் வங்கி கேட்டவுடன் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். அப்படிக் கேட்பது குறைவு, ஆனால் எல்லையைக் குறைப்பதும் மூடுவதும் அவர்கள் கையில்.

வீட்டின் மேல் வங்கிக்குள்ள உரிமையைக் கொலாட்டரல் சார்ஜ் என்று பதிவு செய்வார்கள், வீட்டு மதிப்பு முழுவதற்கும் கூடப் பதியலாம். பிறகு வேறு வங்கிக்குப் போக வேண்டுமென்றால் லைனையும் மூடி, லோயருக்குக் காசு கட்டிப் புதிதாகப் பதிய வேண்டி வரும். கையெழுத்து வைக்க முன்னர் எவ்வளவுக்குப் பதிகிறார்கள் என்று கேளுங்கள்.

மைத்துனருக்குக் கொடுப்பதைப் பற்றி: அவருடைய வங்கி உங்களிடம் கிஃப்ட் லெட்டர் கேட்கும். காசு திரும்ப வராது என்று அதில் கையெழுத்து வைப்பீர்கள். பிறகு கட்டித் தருவான் என்று உங்களுக்குள் பேசி வைத்திருந்தால் அந்தக் கடிதம் பொய். ஆகவே திரும்பி வராவிட்டாலும் தாங்கக் கூடிய தொகையை மட்டும் கொடுங்கள். உங்கள் மனைவியிடம் இதை மனம் விட்டுக் கதையுங்கள், தம்பி என்றபடியால் அவவுக்குச் சொல்லக் கஷ்டமாக இருக்கும்.

வரிக்கும் இதுதான் முக்கியம். வாடகை வருமானத்துக்காகச் செலவழித்த பகுதியின் வட்டியைக் கழிக்கலாம், மைத்துனருக்குக் கொடுத்த பகுதியின் வட்டியைக் கழிக்க முடியாது. இரண்டும் ஒரே லைனில் கலந்தால் எது எதற்கு என்று வரித் திணைக்களமான சிஆர்ஏக்குக் காட்டுவது சிரமம். லைனை இரண்டு உபகணக்காகப் பிரித்துத் தர முடியுமா என்று வங்கியில் கேளுங்கள், பல வங்கிகள் செய்து தருகின்றன. பேஸ்மென்ட் கணக்கிலிருந்து கொன்ட்ராக்டருக்கு நேரடியாகக் கட்டுங்கள், பெர்மிட்டும் பில்லும் எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

மோர்னிங்சைட்வாசி:

வான் கடனை இந்த மாதமே முடிக்கிறோம். பேஸ்மென்டுக்கு 90,000 என்று மதிப்பீடு வந்திருக்கிறது. மைத்துனருக்கு 30,000 என்று மனைவி சொல்கிறா, திரும்பக் கேட்பதில்லை என்றே பேசியிருக்கிறோம். ஆக 120,000 லைன் கேட்கப் போகிறோம், இரண்டு கணக்காக.