மறு: எம்எஃப்டி-க்குத் தமிழ்ல என்ன? "கோப்பு ஒப்படைப்பு"ன்னு ஒரு யோசனை

எல்லாருக்கும் வணக்கங்க,

எம்எஃப்டி-க்கு (Managed File Transfer, அதாவது கம்பெனிகளுக்கு நடுவுல ஃபைல் போறதையும் வர்றதையும் கணக்கு வெச்சுப் பாத்துக்கிற மென்பொருள்) தமிழ்ல என்ன சொல்லலாம்னு ஓடுற இந்த இழையை ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன். அண்ணன் "நிர்வகிக்கப்பட்ட கோப்புப் பரிமாற்றம்"னு எழுதியிருந்தார், அக்கா அதையே "மேலாண் கோப்புப் பரிமாற்றம்"னு சுருக்கிக் கொடுத்தாங்க. ரெண்டுலயும் இலக்கணப் பிழை எதுவும் இல்லீங்க, ஆனா படிச்சதும் யாருக்கும் ஒண்ணும் புரியாது. ஏன் சொல்றேன்னா நான் இதை நிஜமாவே ஆளுங்க கையில குடுத்துப் பாத்துட்டேன்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு சிஸ்டம் வேலை பாக்குறேன். வெளிநாட்டு பையர்கிட்ட இருந்து ராத்திரி ஆர்டர் ஃபைல் வரும், நாங்க பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் அனுப்பணும், மாசக் கடைசியில பேங்க்குக்கு சம்பள ஃபைல் போகணும். இதுக்கெல்லாம் சேர்த்து ஒரு எம்எஃப்டி சர்வர் போட்டோம், ஷிப்பிங் செக்‌ஷன் ஆளுங்களுக்காக தமிழ்லயே ஒரு கையேடு எழுதினேன். முதல் பக்கத்துல "நிர்வகிக்கப்பட்ட"ன்னு போட்டிருந்தேன், படிச்ச தம்பி கேட்டது "யார் நிர்வகிக்கிறாங்க, நீங்களாண்ணே?" அப்படின்னு. அந்தக் கேள்விக்கு அந்தச் சொல்லுக்குள்ள பதிலே இல்லை.

இழையில ஒருத்தர் கேட்டிருந்தார்: "பரிமாற்றம்னு ஏற்கனவே புழங்குதே, அதை எதுக்கு விடணும்?"

விட வேண்டாம், அது எஃப்டிபி-க்கு (ஃபைல் அனுப்புறதுக்கு ரெண்டு கம்ப்யூட்டரும் பேசிக்கிற பழைய நெறிமுறை) இருக்கட்டும். ஃபைலை இங்கிருந்து அங்க கொண்டுபோற வேலையை 1971-லயே முடிச்சுட்டாங்க, அந்த எஃப்டிபி-யோட முதல் வரையறையை (ஆர்எஃப்சி 114ங்கிற ஆவணம்) எழுதின அபய் பூஷண் நம்ம கான்பூர் ஐஐடி-யோட முதல் பேட்ச் மாணவர், இதை எப்பவும் பெருமையாத்தான் சொல்லுவேன். ஆனா அந்தக் காலத்து எஃப்டிபி-ல பாஸ்வேர்டு அப்படியே வெறுமனே லைன்ல போகும், நடுவுல இருக்கிறவன் படிச்சுக்கலாம். அப்புறம் 1995-ல ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல பாஸ்வேர்டைத் திருடுற தாக்குதல் ஒண்ணு நடந்ததும் அங்க இருந்த டாட்டு யூலோனென் எஸ்எஸ்எச் (லைன்ல போறதையெல்லாம் மறையாக்கி அனுப்புற நெறிமுறை) எழுதினார், அதுக்குள்ள பின்னாடி வந்த ஃபைல் அனுப்புற முறைதான் எஸ்எஃப்டிபி. பேரு ஒரே மாதிரி இருக்கிறதால எஃப்டிபி-க்கு மேல ஒரு பூட்டு போட்டதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அது வேற நெறிமுறைங்க, எஃப்டிபி-யை டிஎல்எஸ்-ங்கிற (வெப்சைட்டுக்கெல்லாம் போடுற) மறையாக்கத்துக்குள்ள வெச்சு அனுப்புறதுதான் எஃப்டிபிஎஸ்.

சரி, அப்ப எம்எஃப்டி புதுசா என்ன சேக்குது? யார் அனுப்பினா, எப்ப அனுப்பினா, யார் எடுத்தா, முழுசா போய்ச் சேந்துச்சா, சேரலைன்னா திரும்ப எப்ப அனுப்பணும், யாருக்குத் தகவல் போகணும், இந்தக் கணக்கு முழுக்க ஒரு இடத்துல இருக்கும். எங்க ஊர்ல இதுக்கு ஏற்கனவே ஒரு பழக்கம் இருக்கு. துணியை சாயப்பட்டறைக்கு அனுப்பும்போது சும்மா வண்டியில ஏத்திவிட மாட்டோம், டிசி (டெலிவரி சலான்) போட்டுத்தான் அனுப்புவோம், மூணு காப்பி, எத்தனை ரோல் எத்தனை கிலோன்னு எழுதி, வாங்கினவர் எடை பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் பொருள் ஒப்படைச்சாச்சுன்னு அர்த்தம். அதுவரைக்கும் பொறுப்பு நம்மளோடதுதான். எம்எஃப்டி-யும் ஃபைலுக்கு டிசி போட்டு அனுப்புறதுதானே.

அதனால என் யோசனை "கோப்பு ஒப்படைப்பு". அந்த சர்வருக்கு "ஒப்படைப்பகம்". போய்ச் சேந்ததுக்கு வர்ற ரசீதுக்கு "ஒப்புகை", இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, பதிவுத் தபால்லயும் ஓட்டு மெஷின்லயும் ஏற்கனவே இருக்கிற சொல்தான்.

இலங்கை நண்பர் ஒருத்தர் நேத்து தனி மடல்ல ஒரு தடை சொன்னார், அது நியாயமான தடை. அங்க "ஒப்படை"ன்னா பள்ளிக்கூடத்துல குடுக்கிற அசைன்மென்ட். அதனாலதான் "ஒப்படை"ன்னு குறுக்காம "ஒப்படைப்பு"ன்னே முழுசா வெக்கணும்னு சொல்றேன். ஒப்படைச்சா பொருள் நம்ம கையை விட்டுப் போயிடுமே, ஃபைல் போகாதேன்னு இன்னொருத்தர் கேட்டிருந்தார். பொருள் போறதை விட பொறுப்பு கை மாறுறதுதான் அந்தச் சொல்லுல எனக்கு முக்கியமா படுது. "கோப்புக் கடத்தல்"னு வந்த யோசனையை மட்டும் தயவுசெஞ்சு விட்டுருவோம், வெப்பக் கடத்தலுக்கு அது சரி, பாதுகாப்புக் கையேட்டுல போட்டா ஃபைல் திருட்டுன்னுதான் படிப்பாங்க.

இதுக்கு மேல சொல்லப்போறதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். என் கையேட்டுல "உங்கள் திறவுகோலை எங்களுக்கு அனுப்பவும்"னு ஒரு வரி இருந்துச்சு. சர்வருக்குள்ள வர்றதுக்கு ஆளுக்கு ரெண்டு திறவுகோல் ஃபைல் இருக்கும், வெளிய குடுக்கிறது பொதுத் திறவுகோல், தன்கிட்டயே ரகசியமா வெச்சுக்கிறது தனித் திறவுகோல். நான் சொன்னது பொதுத் திறவுகோல். ஒரு சப்ளையர் ஆபீஸ்ல இருந்த பொண்ணு ரெண்டு ஃபைலையும், தனித் திறவுகோலையும் சேத்து, வாட்ஸ்அப்ல அனுப்பிடுச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லை, சாவியை அனுப்புன்னா இருக்கிற சாவியெல்லாம் அனுப்பத்தான் செய்வாங்க. அந்தச் சாவி ஜோடியையே தூக்கிப்போட்டுட்டு புதுசா உருவாக்கி, சர்வர்ல பழசை நீக்கி, மறுபடி பதிஞ்சு, ஒரு முழு நாள் போச்சு. அன்னைக்கே கையேட்டை மாத்திட்டேன்: பொதுத் திறவுகோல் "பூட்டு", தனித் திறவுகோல் "சாவி". "பூட்டை அனுப்புங்க, சாவி உங்க கம்ப்யூட்டரை விட்டு நகரக்கூடாது." அதுக்கப்புறம் இந்தக் குழப்பம் ஒரு தடவை கூட வரல. கணிதப்படி பூட்டுன்னு சொல்றது முழுக்கப் பொருந்தாதுன்னு தெரியும், டிஜிட்டல் கையெழுத்துப் போடுற வேலைக்கு இந்த உவமை ஓடாது. ஆனா பாடப்புத்தகத்துக்கு ஒரு சொல்லும் கையேட்டுக்கு ஒரு சொல்லும் இருந்தா என்ன கெட்டுப்போச்சு?

அதே மாதிரி முதல் தடவை கனெக்ட் பண்ணும்போது சர்வரோட அடையாளமா அதோட பொதுத் திறவுகோல்ல இருந்து ஷா-256ங்கிற கணக்குல எடுத்த எழுத்துக் கோர்வை ஒண்ணு காட்டி "தொடரவா"ன்னு கேக்கும்ல, எல்லாரும் படிக்காமலே சரின்னு தட்டிடுறாங்க. முகவரி சரியா இருக்கலாம், நிக்கிற ஆள் வேற ஆளா இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கோர்வையே. அதுக்கு "சாவிரேகை"ன்னு வெச்சேன். பத்திர ஆபீஸ்ல ரேகை ஒத்துப் பாக்குறது எல்லாருக்கும் தெரியும், அதனால "சாவிரேகையை நாங்க போன்ல சொன்னதோட ஒத்துப் பாத்துட்டுத்தான் சரி குடுக்கணும்"னு எழுதினா புரிஞ்சுக்கிறாங்க.

அட்மின் கன்சோலுக்கு "நிர்வாக வாசல்", மத்தவங்க வர்றதுக்கு "பயனர் வாசல்". தனித்தனி சொல் ஏன்னா 2023 ஆரம்பத்துல கோ-எனிவேர்ங்கிற எம்எஃப்டி மென்பொருள்ல நடந்த தாக்குதல் நிர்வாக வாசல் இன்டர்நெட்டைப் பாத்துத் திறந்திருந்த இடங்கள்லதான் உள்ள புகுந்துச்சு. அது ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள மட்டும் இருக்கணும். அதே வருஷம் மே மாசம் மூவ்-இட்-ங்கிற இன்னொரு எம்எஃப்டி மென்பொருள்ல எஸ்க்யூஎல் ஓட்டை (தரவுத்தளத்துக்குள்ள கள்ளக் கட்டளை நுழைய விடுற பிழை) வழியா க்ளாப்-ங்கிற பணம் பறிக்கிற ஹேக்கர் கும்பல் வந்தப்போ பயனர் வாசல்லயே அடி விழுந்துச்சு, அதனால ஓட்டையை அடைக்கிற பேட்ச் வந்த அன்னைக்கே போடணும், எடுத்து முடிச்ச ஃபைலை ஒப்படைப்பகத்துல மாசக்கணக்குல தேக்கி வெக்கவும் கூடாது.

இன்னும் ஒரு சொல் மாட்டிட்டு நிக்குது. ஃபைல் ஏறிட்டு இருக்கும்போதே எங்க ஈஆர்பி (ஆர்டர், ஸ்டாக், கணக்கு எல்லாம் ஓடுற மென்பொருள்) பாதியிலேயே எடுத்துட்டுப் போய் பாதி ஆர்டரை ஏத்திடுச்சு, இப்ப தற்காலிகப் பேர்ல ஏத்தி முழுசா முடிஞ்சதும் பேரை மாத்துறோம். அந்தப் பாதி நிலைக்கு "வழியில்"னு போட்டிருக்கேன், முடிஞ்சதுக்கு "ஒப்படைச்சாச்சு". ஸ்கிரீன்ல சின்ன கட்டத்துக்குள்ள வரணும், அதனால நீளமா வெக்க முடியாது. "வழியில்"னு பாத்தா தடங்கல்னு யாராவது நினைப்பாங்களோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. வெள்ளிக்கிழமை கையேட்டை பிரின்ட்டுக்குக் குடுக்கணும், அதுக்குள்ள உங்க வீட்டுல கம்ப்யூட்டர் தெரியாத ஒருத்தர்கிட்டயாவது இந்தச் சொல்லைக் காட்டி என்ன புரியுதுன்னு கேட்டு எழுதுங்க.